மலையின் பெயரை மகளுக்கு வைத்தவர்

அண்ணாமலை, அருணாசலம், திருமலை, வேங்கடம், பழனி. நம் தாத்தாக்களின் பெயர்களை எழுதிப் பார்த்தால் ஒரு மலைத்தொடரே வந்துவிடும். பாட்டிகள் வரிசையில் பர்வதம் இருப்பார். அடுத்த தலைமுறையில் கிரிஜாவும் சைலஜாவும் இருப்பார்கள். அந்த இரண்டு பெயர்களுக்குமே மலையில் பிறந்தவள் என்றுதான் பொருள். அதனால் ஓர் அமெரிக்கர் இமயமலைச் சிகரம் ஒன்றைப் பார்த்து மயங்கி, அதன் பெயரைத் தன் மகளுக்கு வைத்தார் என்றால் நமக்கு அதில் பெரிய வியப்பு இருக்காது. 1950களின் அமெரிக்காவுக்குத்தான் அது புதிது.

அவர் வில்லி அன்சோல்ட். எவரெஸ்ட்டை மிகக் கடினமான பக்கத்திலிருந்து ஏறி, மறுபக்கம் இறங்கிய இருவரில் ஒருவர். அமெரிக்க மலையேற்ற உலகத்தில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. நம்மவர்களிடையே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவர் வாழ்க்கையின் நடுவில் நிற்பது நம் நாட்டு மலை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் 7,816 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தாதேவி.

இறையியல் மாணவராக, இயற்பியல் பட்டதாரியாக

வில்லியம் பிரான்சிஸ் அன்சோல்ட் 1926 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஆர்கேட்டாவில் பிறந்தார். வளர்ந்தது ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பனி மூடிய எரிமலைகள் நிற்கும் ஊர் அது. சிறு வயதிலேயே மலையேற்றம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓரிகன் ஸ்டேட் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அங்கே மாணவர்களுக்கான மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இயற்பியலோடு அவர் நிற்கவில்லை. பெர்க்லியில் உள்ள பசிபிக் ஸ்கூல் ஆஃப் ரிலிஜனில் இறையியல் படித்தார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோடைகாலங்களில் வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் மலைகளில் வழிகாட்டியாகச் சம்பாதித்துக் குடும்பத்தை ஓட்டினார். வகுப்பறை, தேவாலயம், மலை மூன்றும் அவருக்கு ஒன்றோடொன்று கலந்தே இருந்தன. மனிதன் கடவுளை நெருங்குவது பயமும் வியப்பும் ஒன்றாக வரும் இடத்தில்தான் என்று அவர் நம்பினார். அந்த இடம் அவருக்கு மலை.

1949இல், அவருக்கு 22 வயதிருக்கும்போது, முதன்முறையாக இமயமலைக்கு வந்தார். பத்ரிநாத் கோயிலுக்குப் பின்னால் எழும் நீலகண்டம் சிகரத்தில் ஏற முயன்ற பயணம் அது. ஏற முடியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் தூரத்திலிருந்து நந்தாதேவியைப் பார்த்தார். இரட்டைச் சிகரம் கொண்ட மலை அது. மேற்கே இருப்பது பெரியது. கிழக்கே இருப்பது 7,434 மீட்டர். இரண்டுக்கும் நடுவே கத்தி முனை போன்ற நீண்ட முகடு. சுற்றிலும் கோட்டைச் சுவர்போல ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் வளைத்து நிற்க, நடுவில் தனியாக எழுந்து நிற்கிறது நந்தாதேவி. அந்த அழகைப் பார்த்த இளைஞருக்கு ஓர் எண்ணம் வந்தது. தனக்கு ஒரு மகள் பிறந்தால் இந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும். அப்போது அவருக்குத் திருமணம்கூட ஆகியிருக்கவில்லை.

1951இல் ஜோலீனைத் திருமணம் செய்துகொண்டார். ஜோலீனும் மலையேறுபவர். 1954இல் மகள் பிறந்தாள். நந்தாதேவி அன்சோல்ட் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் தேவி என்றே கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் மொத்தம் நான்கு பிள்ளைகள்.

யாரும் எளிதில் நுழைய முடியாத மலை

நந்தாதேவி எப்படிப்பட்ட மலை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் உயரத்தைவிடப் பெரிய சிக்கல், அதன் அடிவாரத்தை அடைவது. சுற்றி நிற்கும் மலைவளையத்தில் ஒரே ஒரு பிளவு உண்டு. ரிஷி கங்கை அந்தப் பிளவின் வழியாகத்தான் வெளியே பாய்கிறது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து உள்ளே போவதற்குள் பல குழுக்கள் தோற்றுத் திரும்பின. 1934இல்தான் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் மூன்று ஷெர்ப்பாக்களோடு உள்ளே நுழைந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1936 ஆகஸ்ட் 29இல், டில்மனும் நோயல் ஓடலும் உச்சியை அடைந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய பயணம் அது. 1950இல் அன்னபூர்ணாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஏறும்வரை, மனிதன் உச்சி தொட்ட மலைகளில் நந்தாதேவியே மிக உயரமானது.

இதெல்லாம் மலையேறுபவர்களின் கணக்கு. கடுவால், குமாவுன் மக்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு நந்தா பார்வதிதான். ஆனால் கோயிலில் எட்டி நின்று கும்பிடும் தெய்வமாக மட்டும் அவளை அவர்கள் வைத்திருக்கவில்லை. அவள் அந்த ஊர்களின் மகள். கயிலாயத்தில் சிவனுக்குக் கட்டிக்கொடுத்த மகள். அவ்வப்போது பிறந்த வீட்டுக்கு வருவாள். திரும்ப அனுப்பி வைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தாதேவி ராஜ ஜாத் யாத்திரை அந்த வழியனுப்புதல்தான். நௌட்டி என்ற ஊரிலிருந்து சுமார் மூன்று வாரம் நடந்து, ரூப்குண்ட் தாண்டி ஹோம்குண்ட் வரை போவார்கள். வழியெல்லாம் பெண்கள் பாடி அழுவார்கள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தாயின் அழுகை அது. மலையரசன் மகள் என்றும் மலைமகள் என்றும் நாம் சொல்லும் அதே பெண், அங்கே பக்கத்து வீட்டுப் பெண்போல இருக்கிறாள்.

வில்லி அன்சோல்ட் தன் மகளுக்கு வைத்தது இப்படி ஒரு பெயரை.

எவரெஸ்ட்டில் ஓர் இரவு

1960இல் வில்லி காரகோரத்தின் மாஷர்பிரம் சிகரத்தில் ஜார்ஜ் பெல்லோடு சேர்ந்து முதன்முதலாக ஏறினார். 7,821 மீட்டர். நந்தாதேவியைவிட ஐந்து மீட்டர்தான் கூடுதல். அதன்பின் குடும்பத்தோடு நேபாளத்துக்குப் போனார். அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு அங்கே 1962இல் பணியைத் தொடங்கியபோது அதன் பொறுப்பாளர்களில் ஒருவரானார். பிள்ளைகள் காத்மண்டுவில் வளர்ந்தார்கள். தேவி நேபாளி பேசக் கற்றது அங்கேதான்.

1963இல் நார்மன் டைரன்ஃபர்த் தலைமையில் அமெரிக்கக் குழு எவரெஸ்ட்டுக்கு வந்தது. வில்லியும் அதில் இருந்தார். தொடக்கமே துக்கமாக இருந்தது. மார்ச் 23 அன்று கும்பு பனியருவியில் பனிச்சுவர் சரிந்து ஜேக் பிரைட்டன்பாக் இறந்தார். டீட்டன் மலைகளில் வில்லியோடு வழிகாட்டியாக இருந்தவர் அவர். மே 1 அன்று ஜிம் விட்டேக்கரும் ஷெர்ப்பா நவாங் கோம்புவும் தெற்குக் கணவாய் வழியாக உச்சியை அடைந்தார்கள். நவாங் கோம்பு டென்சிங் நோர்கேயின் சகோதரி மகன். முதல் அமெரிக்கர் உச்சி தொட்டாகிவிட்டது, அதோடு வந்த வேலை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

வில்லிக்கும் மருத்துவர் டாம் ஹார்ன்பைனுக்கும் முடியவில்லை. யாரும் ஏறியிராத மேற்கு முகட்டின் வழியாக ஏற வேண்டும் என்பதுதான் அவர்கள் இருவரின் ஆசையும். ஆள்பலமும் பொருளும் தெற்குப் பக்கத்துக்கே முதலில் போனதால் அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மே 22 அன்று இருவரும் குறுகலான ஒரு பனிப்பிளவின் வழியாக ஏறினார்கள். இன்றைக்கு அந்தப் பிளவுக்கு ஹார்ன்பைன் பெயர்தான். மேலே மஞ்சள் நிறப் பாறைப் பட்டை. உதிரும் பாறை. கயிறு கட்டி இறங்க நம்பகமான பிடிமானம் கிடையாது. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு திரும்பிப் போவதைவிட மேலே ஏறி மறுபக்கம் இறங்குவதே வழி என்றாயிற்று.

மாலை ஆறேகால் மணிக்கு உச்சியை அடைந்தார்கள். விட்டேக்கர் மூன்று வாரத்துக்கு முன் நட்ட கொடி அங்கே கிழிந்து பறந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தெரியாத பாதையில், இருட்டில், தெற்குப் பக்கமாக இறங்கத் தொடங்கினார்கள். அன்று பகலில் அந்தப் பக்கமாக உச்சிக்கு வந்திருந்த லூட் ஜெர்ஸ்டாடும் பாரி பிஷப்பும் வழியில் களைத்துப்போய் நின்றிருந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து தட்டுத்தடுமாறி இறங்கினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நகரவே முடியாமல் சுமார் 28,000 அடி உயரத்தில் ஒரு பாறையோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கூடாரம் இல்லை, உறங்கும் பை இல்லை, ஆக்சிஜனும் தீர்ந்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் திறந்தவெளியில் ஓர் இரவைக் கழித்து உயிரோடு வந்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. அன்றிரவு காற்று அடங்கியிருந்தது. அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

ஹார்ன்பைனின் பாதங்கள் உறையத் தொடங்கியபோது, வில்லி அவற்றை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்து, வயிற்றுச் சூட்டில் தேய்த்துவிட்டார். பதிலுக்கு வில்லியின் பாதங்களைச் சூடாக்க ஹார்ன்பைன் முன்வந்தபோது, தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். உண்மையில் அவர் பாதங்கள் உணர்விழந்து போயிருந்ததால்தான் ஒன்றும் தெரியவில்லை. ஹார்ன்பைனின் விரல்கள் தப்பின. வில்லி ஒன்பது கால் விரல்களை இழந்தார். பிஷப் பத்தையும் இழந்தார். இருவரையும் ஷெர்ப்பாக்கள் முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள். நாம்சேயிலிருந்து ஹெலிகாப்டரில் காத்மண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

எவரெஸ்ட்டில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது உலகிலேயே அதுதான் முதல்முறை. அந்த ஜூலையில் அதிபர் கென்னடி வெள்ளை மாளிகையில் அந்தக் குழுவுக்கு ஹப்பர்ட் பதக்கம் வழங்கினார்.

மலையே வகுப்பறை

பாதி நடை போன பிறகும் வில்லி மலையை விடவில்லை. சில ஆண்டுகள் நேபாளத்திலேயே பணியாற்றினார். பிறகு அமெரிக்கா திரும்பி, இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய்ப் பயிற்சி தரும் அவுட்வர்ட் பவுண்ட் அமைப்பில் சேர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர்களில் ஒருவரானார். தாடியும் உரத்த சிரிப்புமாக, மாணவர்கள் சூழ வாழ்ந்த பேராசிரியர். ஒரே பருவத்தில் தத்துவ நூலும் படிக்க வேண்டும், பனிமலையும் ஏற வேண்டும் என்பது அவர் பாடத்திட்டம்.

அவர் போகுமிடமெல்லாம் பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பித் தருவீர்களா? பெரும்பாலான அமைப்புகள் ஆம் என்று சொல்லும். வில்லி அந்த உறுதியைத் தர மறுத்தார். ஆபத்து உண்மையானது, அதை மறைத்துப் பிள்ளைகளை அழைத்துப்போவது ஏமாற்று என்பது அவர் நிலை. அதேபோல், எல்லா ஆபத்திலிருந்தும் ஒதுக்கி வளர்க்கப்பட்ட பிள்ளையின் உள்ளுக்குள் ஏதோ ஒன்று செத்துப்போகிறது என்றும் அவர் நம்பினார். கேட்பவர்களுக்கு இது அழகான தத்துவமாக இருந்தது. அந்தத் தத்துவத்துக்கு அவரே விலை கொடுக்கும் நாள் பின்னால் வந்தது.

1976

தேவி வளர்ந்து பெரியவரானார். அப்பாவைப் போலவே மலையேறினார், அப்பாவைப் போலவே எளிதில் எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டார். தன் பெயருக்குரிய மலையைப் பார்க்க வேண்டும், ஏற வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. பிறந்தது முதல் அந்த மலையோடு தனக்கு ஏதோ பந்தம் இருப்பதாக அவர் உணர்ந்தார்.

1936இல் நந்தாதேவி முதன்முதலாக ஏறப்பட்டதன் நாற்பதாவது ஆண்டு 1976இல் வந்தது. அந்த முதல் பயணத்தில் இளைஞராக இருந்த ஆட் கார்ட்டரும் வில்லியும் இணைந்து தலைமை ஏற்க, இந்தியரும் அமெரிக்கரும் கலந்த குழு புறப்பட்டது. பழைய வழியை விட்டுவிட்டு, வடமேற்கு முகத்தின் வழியாக வடக்கு முகட்டை அடைந்து ஏறுவது திட்டம். அதுவரை யாரும் ஏறாத வழி. தேவிக்கு 22 வயது. அப்பா முதன்முதலாக இந்த மலையைப் பார்த்தபோது இருந்த அதே வயது.

ஜோஷிமட் தாண்டி, லாதா கிராமத்திலிருந்து நடை தொடங்கியது. லாதாவில் நந்தாதேவிக்குக் கோயில் இருக்கிறது. பக்கத்து ஊரான ரேணியில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1974 மார்ச்சில், கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் கட்டியணைத்து வெட்டவிடாமல் தடுத்தார்கள். மகளும் மலையும் காடும் ஒரே பேச்சில் வரும் ஊர்கள் அவை. மலையின் பெயரையே தாங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண், சுமை தூக்குபவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தால் அங்கே எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

குழுவுக்குள் நிலைமை அவ்வளவு இதமாக இல்லை. எப்படி ஏறுவது, எவ்வளவு கயிறு கட்டுவது, பெண்கள் வரலாமா கூடாதா என்பதுவரை சண்டை இருந்தது. மலைநோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மார்ட்டி ஹோயி தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். செப்டம்பர் 1 அன்று ஜான் ராஸ்கெல்லி, லூயிஸ் ரைகார்ட், ஜிம் ஸ்டேட்ஸ் மூவரும் உச்சியை அடைந்தார்கள். புதிய வழி திறந்துவிட்டது.

அடுத்த குழுவில் தேவி இருந்தார். உடல் நலமாக இல்லை. வயிற்று உபாதை இருந்தது. மேலே போக வேண்டாம் என்று நினைத்தவர்கள் குழுவில் இருந்தார்கள். தேவி போக விரும்பினார். வில்லி தடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்துச் செங்குத்துப் பாறை வழியாக ஏறி, சுமார் 24,000 அடியில் இருந்த நான்காம் முகாமை தேவி அடைந்தார். அவரோடு அவர் மணம் செய்துகொள்ள இருந்த ஆண்டி ஹார்வர்டும் பீட்டர் லெவும் இருந்தார்கள். வில்லியும் மேலே வந்து சேர்ந்தார். புயல் வந்து எல்லோரையும் கூடாரத்துக்குள் அடைத்துப்போட்டது. அந்த உயரத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உடல் தேய்ந்துகொண்டே போகும். நலமாக இருப்பவருக்கே அப்படி.

செப்டம்பர் 8 அன்று கீழே இறங்கிவிடுவது என்று முடிவானது. புறப்படுவதற்குள் தேவியின் நிலை திடீரென்று மோசமானது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மூச்சைத் திரும்பக் கொண்டுவர மூன்று ஆண்களும் செய்த முயற்சி பலிக்கவில்லை.

அந்த உயரத்திலிருந்து, அந்தப் புயலில், உடலைக் கீழே கொண்டுவர வழியில்லை. உறங்கும் பையில் வைத்து, சுற்றி நின்று பிரார்த்தனை செய்து, மலையின் முகத்திலிருந்து பனிக்குள் விட்டார்கள். மகளுக்கு மலையின் பெயரை வைத்த தகப்பன், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மகளை அந்த மலையிடம் விட்டுவிட்டு இறங்கினார்.

தேவி திரும்பினாளா?

செய்தி கீழே வந்ததும் அந்த ஊர்களில் ஒரு பேச்சு எழுந்தது. தெய்வம் தன் மகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அல்லது தெய்வமே மனித உருவில் வந்து தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. செய்தித்தாள்களும் அதை எழுதின. இன்றைக்கும் அந்தக் கதை சொல்லப்படுகிறது.

அந்தக் கதையின் ஆறுதல் நமக்குப் புரியும். மதுரையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெய்வத்தோடு கலந்துவிட்ட பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆண்டாள் அரங்கனோடு சேர்ந்துவிட்டாள் என்று கேட்கும்போது பெரியாழ்வாரின் காலி வீட்டைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. நந்தாதேவியின் கதையிலும் அப்படித்தான். தெய்வம் அழைத்துக்கொண்டது என்று சொன்னதும் மற்ற கேள்விகள் அடங்கிவிடுகின்றன. நோயோடு இருந்தவர் ஏன் அத்தனை உயரத்துக்குப் போனார்? தலைவராக இருந்தவர், அதுவும் தகப்பனாக இருந்தவர், ஏன் நிறுத்தவில்லை? ஏறும்போது எடுத்த முடிவுகள் சரியா?

இந்தக் கேள்விகள் வில்லியைப் பின்தொடர்ந்தன. ராஸ்கெல்லி 1987இல் அந்தப் பயணத்தைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். வில்லியை மன்னிக்காதவர்கள் உண்டு. தேவி 22 வயதுப் பெண், அவருடைய முடிவு அவருடையது என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வயதுவந்த மகளின் விருப்பத்தை மதிப்பது ஒரு நல்ல தகப்பனின் குணம். ஆபத்தில் ஆளை இறக்குவது ஒரு நல்ல குழுத்தலைவரின் கடமை. அன்று அந்த இரண்டு பொறுப்பும் ஒரே மனிதரின் தலையில் இருந்தன. அவர் தகப்பனாக நடந்துகொண்டார். பல தகப்பன்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

வில்லி ஓடி ஒளியவில்லை. கல்லூரிக்குத் திரும்பினார், மகளைப் பற்றி மேடைகளில் பேசினார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். மலையைக் குறை சொல்லவில்லை. ஆபத்து உண்மையானது என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவர், அது தன் வீட்டுக்கு வந்தபோது வார்த்தையை மாற்றவில்லை. அதை உறுதி என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

கடைசி வகுப்பு

இடுப்பு மூட்டுகள் தேய்ந்து செயற்கை மூட்டு வைத்துக்கொண்ட பிறகும் மாணவர்களை மலைக்கு அழைத்துப்போவதை அவர் நிறுத்தவில்லை. 1979 குளிர்காலத்தில் எவர்கிரீன் மாணவர்களோடு ரெய்னியர் மலைக்குப் போனார். வானிலை மோசமாகி, உச்சிக்குப் போகாமலேயே இறங்கினார்கள். மார்ச் 4 அன்று கடாவர் கேப் என்ற பனிச்சரிவில் முதல் கயிற்றில் வில்லி முன்னால் போனார். பனி சரிந்தது. அவரும், அதே கயிற்றில் இருந்த 21 வயது மாணவி ஒருவரும் புதைந்து இறந்தார்கள். மீதிப் பேர் புயலில் வழி கண்டுபிடித்து முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டி இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடமே கற்றிருந்தார்கள். ஆனால் ஒரு மாணவியின் வீட்டில் இன்னொரு தகப்பனும் தாயும் மகளை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வில்லிக்கு அப்போது வயது 52.

ஜோலீன் அன்சோல்ட் மகளையும் கணவரையும் மூன்று ஆண்டுக்குள் மலைகளுக்குக் கொடுத்தவர். அவர் அரசியலுக்கு வந்தார். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1989 முதல் 1995 வரை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தார். 2021இல் காலமானார்.

மூடப்பட்ட கதவு

வில்லி இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1978இல், நந்தாதேவியைப் பற்றிய இன்னொரு செய்தி வெளியே வந்தது. சீனாவின் அணுச் சோதனைகளை உளவு பார்க்க 1965இல் அமெரிக்க, இந்திய உளவுத்துறைகள் சேர்ந்து அந்த மலையில் புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றை வைக்க முயன்றிருந்தன. வானிலை கெட்டதால் மலைமேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி போனபோது அது இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதற்கு விளக்கம் தர வேண்டியிருந்தது. 1976இல் தேவியும் தோழர்களும் ரிஷி கங்கைத் தண்ணீரைக் குடித்து நடந்தபோது இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாது.

மலையேறுபவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வேட்டைக்காரர்களும் போய்வந்து அந்த உட்பகுதி பாழாகிக்கொண்டிருந்தது. 1982இல் அது தேசியப் பூங்காவானது. விரைவிலேயே ஆட்கள் நுழையத் தடை வந்தது. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காடும் விலங்கும் பிழைத்தன. ஆனால் சுமை தூக்கியும் மேய்ச்சலிலும் பிழைத்த லாதா, ரேணி மக்களுக்கு வருமானம் போனது. காட்டைக் காத்த ஊர்க்காரர்களையே காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள் என்ற வருத்தம் அங்கே இன்றும் உண்டு. 2021 பிப்ரவரியில் மலைமேல் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷி கங்கையில் பெருவெள்ளம் பாய்ந்து, ரேணி அருகிலிருந்த மின்நிலையத்தை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஃபிரிஸ்கோவில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சமவெளிதான். டெக்சாஸின் மிக உயரமான குவாடலூப்பே சிகரத்துக்குப் போக வேண்டுமென்றால் மேற்கே நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். அதுவும் 2,667 மீட்டர்தான். நம் பிள்ளைகள் ஏறுவது குளிர்சாதனம் போட்ட கட்டடத்துக்குள் இருக்கும் செயற்கைச் சுவரில், இடுப்பில் கயிறும் கீழே மெத்தையும் இருக்க. கணக்கு வகுப்பு, பரதம், நீச்சல், தமிழ்ப் பள்ளி என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாம் காவல் போட்டிருக்கிறோம். அதில் தப்பில்லை. ஊரும் உறவும் விட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குப் பிள்ளைகள்தான் எல்லாம்.

ஆனால் அவர்கள் ஒருநாள் கிளம்புவார்கள். பாஸ்டனுக்கோ, அலாஸ்காவுக்கோ, நாம் கேள்விப்படாத ஏதோ ஒரு மலைக்கோ. அன்று நம்மிடம் அனுமதி கேட்பார்கள், அல்லது சொல்லிவிட்டு மட்டும் போவார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வில்லி அன்சோல்டின் வாழ்க்கையில் தயாரான விடை இல்லை. இரண்டு பக்க எச்சரிக்கையும் இருக்கிறது. அணைத்தே வைத்திருந்தால் பிள்ளை நம் பிள்ளையாகவே நின்றுவிடும், தானாக வளராது. விட்டுக்கொடுக்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அழகான தத்துவமோ அழகான பெயரோ நம் வாயை அடைத்துவிடக் கூடாது.

ராஜ ஜாத் யாத்திரையில் நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று முன்னால் நடக்கும். மகளுக்கான சீர்வரிசையை அதன் முதுகில் கட்டியிருப்பார்கள். ஹோம்குண்டில் பூசை முடிந்ததும் கடாவை அவிழ்த்துவிடுவார்கள். அது தனியாகப் பனியை நோக்கிப் போகும். அங்கிருந்து மேலே மனிதர்கள் போவதில்லை. ஊர்க்காரர்கள் அழுதுவிட்டு வீடு திரும்புவார்கள். மகளை எதுவரை கூட நடந்து கொண்டுபோய் விட வேண்டும் என்பது அந்த மக்களுக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்திருக்கிறது.